வீட்டில் வேதம், வியப்போடு: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

விசுவாசத்துக்குப் புதிதாக வந்த பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகிறோம், பாடுகிறோம், பிரசங்கம் கேட்கிறோம். திங்கட்கிழமை வீட்டில் என்ன செய்வது?" சபையிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் இதே கேள்வியோடு இருப்பதைப் பார்த்திருக்கிறேன். குடும்ப ஜெபம் நடக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் அது பிள்ளைகளுக்குப் பாரமாகவும் தங்களுக்குக் கடமையாகவும் மாறிவிடுமோ என்ற பயம் உள்ளுக்குள் இருக்கிறது.

அந்தப் பயம் நியாயமானதுதான். பல வீடுகளில் வேத வாசிப்பு இன்னொரு வீட்டுப்பாடம் போல ஆகிவிடுகிறது. ஒரு பகுதியை வேகமாக வாசித்து, "இதிலிருந்து நாம் கற்றுக்கொள்வது என்ன?" என்று கேட்டு, பிள்ளை சரியான பதிலைச் சொன்னதும் ஆமென் சொல்லிப் புத்தகத்தை மூடிவிடுகிறோம். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். எந்தக் கதைக்கும் "கீழ்ப்படிய வேண்டும்" என்று சொன்னால் போதும் என்பதை ஏழு வயதுக்குள் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

ஆகவே என்னுடைய ஆலோசனை இதுதான். வேதத்தைப் பிள்ளைகளுக்கு விளக்குவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவர்களோடு சேர்ந்து அதைப் பார்ப்பதைக் கூட்டிக்கொள்ளுங்கள். கீழே இருக்கும் படிகள் எல்லாமே அதற்காகத்தான்.

முதல் படி: ஒரு வாரம் எதையும் மாற்றாமல் கவனியுங்கள்

உபாகமம் 6-ஆம் அதிகாரத்தில் மோசே பெற்றோரிடம் பேசுகிறார். தேவனுடைய வார்த்தைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அவர் நான்கு நேரங்களைக் குறிப்பிடுகிறார்: வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழுந்திருக்கும்போது. இந்த நான்கும் எந்த வீட்டிலும் ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பவை. இதற்காகத் தனியாக ஒரு நேரத்தை உண்டாக்கச் சொல்லவில்லை.

அதனால் முதல் வாரம் ஒரு சின்ன வேலை மட்டும் செய்யுங்கள். உங்கள் வீட்டில் இந்த நான்கு நேரங்களும் எப்படிப் போகின்றன என்று பாருங்கள். எல்லோரும் ஒன்றாக உட்காருவது எப்போது? பிள்ளைகள் தானாக வாயைத் திறந்து பேசுவது எப்போது? சில பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும் வழியில் பேசுவார்கள், சிலர் விளக்கை அணைத்த பிறகுதான் ஆரம்பிப்பார்கள். காலையில் எரிச்சலோடு எழும் வீட்டில் காலை ஜெபத்தைத் திணிப்பதைவிட, இரவில் படுக்கையோரமாகப் பத்து நிமிஷம் உட்காருவது எவ்வளவோ மேல்.

இரண்டாம் படி: ஒரே ஒரு நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

அப்படிக் கவனித்ததில் எந்த நேரம் இயல்பாக அமைகிறதோ அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிஷம் போதும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் ஐந்து நிமிஷமே தாராளம். போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள், வேதாகம ஆப்பில் வாசிக்காமல் அச்சுப் புத்தகத்தைக் கையில் எடுங்கள். நீங்கள் வேதத்தைப் பார்க்கிறீர்களா, வந்த செய்தியைப் பார்க்கிறீர்களா என்று பிள்ளைக்குத் தெரியாமல் போகக் கூடாது, அதற்காகத்தான்.

வாரத்தில் ஏழு நாளும் நடக்க வேண்டும் என்ற வைராக்கியமும் வேண்டாம். நான்கு நாள் நடந்தால் அந்த நான்கு நாளுக்கும் நன்றி சொல்லுங்கள். விட்டுப்போன அதிகாரங்களைச் சேர்த்து வாசித்துக் கணக்கை நேராக்கப் பார்க்காதீர்கள். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும்.

மூன்றாம் படி: எதை வாசிப்பது

ஆதியாகமத்தில் தொடங்கி வெளிப்படுத்தின விசேஷம் வரை வரிசையாகப் போகலாம் என்று பலர் ஆரம்பிப்பார்கள். யாத்திராகமத்தின் பிற்பகுதியில் ஆசரிப்புக்கூடாரத்தின் (இஸ்ரவேலர் வனாந்தரத்தில் ஆராதித்த கூடாரம்) பலகைகளும் திரைகளும் வரும் இடத்தில் நின்றுபோவார்கள். பெரியவர்கள் தனியாக வாசிக்கும்போது அப்படி வரிசையாகப் போவது நல்ல பழக்கம். குடும்பமாகத் தொடங்க அது ஏற்றதில்லை.

நான் சிபாரிசு செய்வது மாற்கு சுவிசேஷம். நான்கு சுவிசேஷங்களில் அதுதான் சிறியது, 16 அதிகாரங்கள். பெரியவர்கள் ஒரே மூச்சில் சத்தமாக வாசித்தால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். வேகமாக நகரும், பேச்சைவிடச் செயல் அதிகம். பிள்ளைகளோடு வாசிக்கும்போது ஒரு இரவுக்கு ஒரு சம்பவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிகாரக் கணக்கு பார்க்க வேண்டாம்.

அவ்வளவு நீளம் இப்போது முடியாது என்றால் யோனா, அல்லது ரூத். இரண்டுக்கும் நான்கு அதிகாரங்கள்தான். நான்கு இரவுகளில் ஒரு முழுக் கதையை முதலிலிருந்து கடைசி வரை கேட்ட திருப்தி பிள்ளைக்குக் கிடைக்கும். ஒரு புத்தகத்தை முடித்துவிட்டோம் என்ற அந்தச் சந்தோஷம் புதிதாகத் தொடங்கும் வீட்டுக்கு முக்கியம்.

மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய மொழிபெயர்ப்பின் நடை அழகானது, மனப்பாடமாக நிற்கும், சபையில் கேட்பதும் பெரும்பாலும் அதுதான். ஆனால் முதல்முறை கதை கேட்கும் பிள்ளைக்குப் பல சொற்கள் புரியாது. கதைக்கு எளிய தமிழ் மொழிபெயர்ப்பு, மனப்பாடத்துக்கும் சங்கீதத்துக்கும் பழையது என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். கத்தோலிக்கக் குடும்பங்களில் பொது மொழிபெயர்ப்பு கையில் இருக்கும். அது வாசிக்க எளிதானதுதான்.

நான்காம் படி: எப்படி வாசிப்பது

இதில்தான் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். எல்லாம் இதைப் பொறுத்தே அமைகிறது.

சத்தமாக வாசியுங்கள். அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்துக்கொண்டு போகிறார். பிலிப்பு ஓடிவந்து அதைக் கேட்கிறார். தனியாக இருந்தும் அந்த மனிதர் வாய்விட்டு வாசித்திருக்கிறார், அந்தக் காலத்தில் அதுதான் பரவலான வழக்கம். வேதத்தின் பெரும்பகுதி காதால் கேட்கப்படுவதற்காக எழுதப்பட்டது. குரலை மாற்றி நடிக்க வேண்டியதில்லை. மெதுவாக, தெளிவாக, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி வாசித்தால் போதும். வாசிக்கத் தெரிந்த பிள்ளை இருந்தால் அவர்களும் ஒரு பத்தி வாசிக்கட்டும். தடுமாறினால் அவசரப்பட்டுத் திருத்தாதீர்கள்.

அடுத்தது, சின்ன விவரங்களைப் பிடியுங்கள். மாற்கு 4-ஆம் அதிகாரத்தில் இயேசு புயலை அடக்கும் சம்பவம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் படகின் பின்பக்கத்தில் தலையணை வைத்துத் தூங்கினார் என்று மாற்கு எழுதியிருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அன்று அந்தக் கடலில் வேறு படகுகளும் அவரோடு போயின என்றும் ஒரு வரி இருக்கிறது. அந்தப் படகுகளில் யார் இருந்தார்கள்? திடீரென்று காற்று நின்றபோது அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? காரணம் அவர்களுக்குத் தெரிந்திருக்குமா? வேதத்தில் இதற்குப் பதில் இல்லை. பதில் இல்லாததால்தான் பிள்ளைகள் விடாமல் யோசிக்கிறார்கள்.

இப்படி மாற்கு முழுக்கச் சிதறிக்கிடக்கிறது. ஐயாயிரம் பேர் உட்கார்ந்த புல் பச்சையாக இருந்தது. யவீருவின் பன்னிரண்டு வயது மகளை உயிரோடு எழுப்பியவுடன், அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்று இயேசு சொல்கிறார். சுற்றி நின்ற பெரியவர்கள் எல்லாம் வாயடைத்து நிற்க, அந்தப் பெண்ணுக்குப் பசிக்கும் என்று நினைத்தவர் அவர் ஒருவர்தான். இந்த வரியைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருங்கள். அவர்களே சொல்வார்கள்.

இனி வருவதுதான் கடினமான பகுதி: வாசித்து முடித்ததும் நீதி சொல்லாதீர்கள். பெற்றோருக்கு இது எளிதில் வராது. இவ்வளவு நேரம் உட்கார்ந்ததற்குப் பிள்ளை ஏதாவது கற்றுக்கொண்டதா என்று உறுதிசெய்யத் துடிப்போம். அந்தத் துடிப்பை அடக்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாக, ஒரே சரியான விடை இல்லாத கேள்வி ஒன்றைக் கேளுங்கள்:

"இதில் உனக்கு எந்த இடம் பிடித்தது?"

"எது விசித்திரமாக இருந்தது?"

"இந்தக் கதையில் நீ இருந்தால் எங்கே நின்றிருப்பாய்?"

ஒரு இரவுக்கு ஒன்று போதும். கேட்டுவிட்டுக் காத்திருங்கள். சில நொடிகள் அமைதி நீளும், அதை நீங்களே பேசி நிரப்பிவிடாதீர்கள். பிள்ளை "தெரியலை" என்றால் சரி, அன்றைக்கு அவ்வளவுதான். பெரியவர்களும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், உண்மையாக. "எனக்கு அந்தத் தலையணைதான் பிடித்தது, அவருக்கும் அசதி வந்திருக்கிறது" என்று ஒரு அப்பா சொன்னால், பிள்ளைக்கு அது பிரசங்கத்தைவிட அதிகமாகப் பேசும்.

எங்கள் வீட்டில் யோனாவின் கடைசி அதிகாரத்தை வாசித்த இரவு எனக்கு இன்னும் பிரியமானது. யோனா நினிவே நகரத்துக்கு வெளியே கோபத்தோடு உட்கார்ந்திருக்கிறார். நிழலுக்காக ஒரு ஆமணக்குச்செடியைத் தேவன் முளைக்கப்பண்ணுகிறார். மறுநாள் விடியும் நேரத்தில் ஒரு பூச்சிக்குக் கட்டளையிடுகிறார், அது செடியை அரித்துப்போடுகிறது. இளைய பிள்ளை போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டி, "பூச்சி கூடச் சொன்ன பேச்சைக் கேட்டுச்சு, யோனா மட்டும்தான் கேக்கல" என்றது. பெரியவள் உடனே எழுந்து உட்கார்ந்து பக்கத்தைப் பின்னால் திருப்பினாள். காற்று கேட்டது, மீன் கேட்டது, செடி கேட்டது. நினிவேயின் ராஜா கேட்டார். அங்கே ஆடுமாடுகள் கூட இரட்டு (துக்கத்துக்கான முரட்டுத் துணி) உடுத்தின. இருவரும் விரல்விட்டு எண்ணிக்கொண்டே போனார்கள். அந்த நான்கு அதிகாரங்களையும் நான் பல முறை வாசித்திருக்கிறேன், பிரசங்கத்திலும் கேட்டிருக்கிறேன். அந்த இரவுதான் அந்தப் புத்தகம் எனக்குத் திறந்தது.

யோனா புத்தகம் ஒரு கேள்வியோடு முடிகிறது என்பதையும் சொல்ல வேண்டும். வலதுகை இடதுகை வித்தியாசம் தெரியாத இலட்சத்து இருபதினாயிரம் பேருக்கு மேல் இருக்கும் இந்த நகரத்துக்காக நான் பரிதபிக்க வேண்டாமா என்று தேவன் கேட்கிறார். அங்குள்ள மிருகங்களையும் மறக்காமல் சேர்த்துக்கொள்கிறார். யோனா என்ன பதில் சொன்னார் என்று எழுதப்படவில்லை. புத்தகமே நீதியைச் சொல்லாமல் நிறுத்தியிருக்கும்போது நாம் ஏன் அவசரப்பட வேண்டும்?

பிள்ளை அதே கதையை மறுபடி கேட்டால் மறுபடி வாசியுங்கள். "அதுதான் நேற்றே முடிந்துவிட்டதே" என்று சொல்லாதீர்கள்.

ஐந்தாம் படி: கேள்விகளுக்குக் கதவைத் திறந்து வையுங்கள்

பிள்ளைகள் கேள்வி கேட்பதை விசுவாசக் குறைவாக நினைக்கும் வீடுகள் உண்டு. வேதம் அப்படி நினைக்கவில்லை. பஸ்கா பண்டிகையை நியமிக்கும்போதே, "இதன் கருத்து என்ன?" என்று பிள்ளைகள் கேட்பார்கள் என்று யாத்திராகமம் 12 எதிர்பார்க்கிறது. யோர்தானைக் கடந்த பிறகு யோசுவா பன்னிரண்டு கற்களை எடுத்துவைக்கச் சொல்வதும், பின்னாளில் பிள்ளைகள் வந்து "இந்தக் கற்கள் எதற்கு?" என்று கேட்பதற்காகத்தான். கேள்வி வருவதற்கென்றே அங்கே ஒரு அடையாளம் வைக்கப்படுகிறது. பன்னிரண்டு வயதில் தேவாலயத்தில் இருந்த இயேசுவும் போதகர்கள் நடுவில் உட்கார்ந்து, அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டும் அவர்களிடம் கேள்விகள் கேட்டுக்கொண்டும் இருந்தார் என்று லூக்கா எழுதுகிறார்.

கடினமான கேள்விகள் வரும். "நாம ஜெபம் பண்ணினோமே, ஏன் அவங்க சாகணும்?" "வெள்ளத்துல குழந்தைங்களும் செத்துட்டாங்களா?" இந்த இடத்தில் வேகமாக ஒரு சமாதானம் சொல்லி மூடாதீர்கள். தெரியாவிட்டால் "எனக்கும் தெரியலை, நானும் இதைப் பற்றி யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். போதகரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றால் உண்மையிலேயே கேட்டு வந்து சொல்லுங்கள். மாற்கு 9-இல் வியாதிப்பட்ட மகனுக்காக ஒரு தகப்பன் இயேசுவிடம் கண்ணீரோடு சொல்லும் வார்த்தை, விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும் என்பது. ஒரே மூச்சில் இரண்டையும் சொல்கிறார். இயேசு அவரைத் திருப்பி அனுப்பவில்லை, மகனைச் சுகமாக்கினார். சந்தேகத்தோடு இருக்கும் பெற்றோருக்கும் பிள்ளைகளோடு வேதம் வாசிக்கத் தகுதி உண்டு என்பதற்கு இந்தத் தகப்பனே சாட்சி.

ஆறாம் படி: ஜெபத்தைச் சின்னதாக வையுங்கள்

வாசித்த பிறகு ஒவ்வொருவரும் ஒரு வாக்கியம் ஜெபித்தால் போதும். இன்று எதற்கு நன்றி, எது வருத்தம், யாருக்காக வேண்டிக்கொள்ள வேண்டும் என்று மூன்றில் ஒன்றைப் பிள்ளையே எடுத்துக்கொள்ளட்டும். பெரியவர்கள் ஜெபத்துக்குள் புத்திமதியை நுழைக்கக் கூடாது. "ஆண்டவரே, இவன் நாளைக்காவது சண்டை போடாமல் இருக்க உதவிசெய்யும்" என்பது ஆண்டவரிடம் பேசுவது போல மகனிடம் பேசுவதாகும். பிள்ளைக்கு அது உடனே தெரிந்துவிடும்.

சொந்த வார்த்தை வராத நாட்களுக்குச் சங்கீதங்கள் இருக்கின்றன. 150 சங்கீதங்களில் சந்தோஷப் பாட்டுகள் மட்டும் இல்லை, புலம்பலும் நிறைய. 13-ஆம் சங்கீதம் ஆறே வசனங்கள். அதில் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. வீட்டில் நோயோ இழப்போ இருக்கும்போது அதைச் சேர்ந்து வாசியுங்கள். 88-ஆம் சங்கீதம் இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. அழுகையையும் தேவனிடம் கொண்டுபோகலாம் என்பது பிள்ளைக்குச் சிறுவயதிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

ஏழாம் படி: வெளியே போய் நில்லுங்கள்

வியப்பைப் புத்தகத்துக்குள் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். 8-ஆம் சங்கீதத்தை எழுதியவர் வானத்தையும் சந்திரனையும் நட்சத்திரங்களையும் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான், மனிதன் எம்மாத்திரம் என்கிறார். அந்தச் சங்கீதத்தை அறைக்குள் உட்கார்ந்து வாசிப்பதும் நிலவுக்குக் கீழே நின்று வாசிப்பதும் வேறு வேறு அனுபவங்கள்.

இப்படிச் செய்து பாருங்கள். யோபு 38-ஆம் அதிகாரத்தில் தேவன் யோபுவிடம் கேட்கும் கேள்விகளில் அறுமீன் (கார்த்திகை), மிருகசீரிஷம் (ஓரியன்) என்ற நட்சத்திரக் கூட்டங்கள் வருகின்றன. இரண்டையும் இன்றும் வெறுங்கண்ணால் பார்க்கலாம். டிசம்பரிலிருந்து மார்ச் வரை, மாலை இருட்டிய பிறகு வானம் தெளிவாக இருந்தால் எளிதில் கண்டுபிடிக்கலாம். நேர்கோட்டில் நெருக்கமாக நிற்கும் மூன்று நட்சத்திரங்கள் மிருகசீரிஷ மண்டலத்தின் இடுப்பு. அந்தக் கோட்டை ஒரு பக்கம் நீட்டிக்கொண்டே போனால் சிவந்த ஒரு நட்சத்திரத்தைத் தாண்டி, சின்னக் கொத்தாக அறுமீன் தெரியும். அந்தக் கொத்திலிருந்து புறப்பட்ட ஒளி நம்மை வந்து சேர 440 ஆண்டுகள் போல ஆகிறது. நிலவிலிருந்து வர ஒன்றேகால் நொடிக்குச் சற்று மேல். இதைப் பிள்ளையிடம் சொல்லிவிட்டு, யோபுவிடம் கேட்ட கேள்வியை அங்கேயே டார்ச் வெளிச்சத்தில் வாசியுங்கள்: இவைகளின் கட்டுகளை உன்னால் இணைக்க முடியுமா, அவிழ்க்க முடியுமா?

அறிவியல் தெரிந்தால் வியப்பு போய்விடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். எனக்கு அது நேர்மாறாகத்தான் இருந்திருக்கிறது. எவ்வளவு தூரம் என்று தெரிந்த பிறகுதான் "எம்மாத்திரம்" என்ற சொல்லின் கனம் தெரிகிறது.

வெளியே போக முடியாதவர்கள் 104-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளலாம். 35 வசனங்களில் நீரூற்றுகள், காட்டுக்கழுதைகள், கூடுகட்டும் பறவைகள், வரையாடுகள், இரைக்காகக் கெர்ச்சிக்கும் சிங்கக்குட்டிகள், கடலின் பெரிய மிருகம் என்று வரிசையாக வரும். ஒரு வாரம் அதை வாசித்து, உங்கள் ஜன்னலிலிருந்து தெரியும் உயிர்களைச் சேர்த்துப் பிள்ளைகளையே தொடர்ந்து எழுதச் சொல்லுங்கள். எறும்பு கட்டாயம் வரும். நன்றாகக் கவனிக்கக் கற்றுக்கொள்வதும் ஜெபத்தோடு சேர்ந்ததுதான். காட்டுப்புஷ்பங்களைக் கவனித்துப் பாருங்கள் என்று சொன்னவர் இயேசுதானே.

எட்டாம் படி: மற்றப் புத்தகங்கள்

"கிறிஸ்தவப் புத்தகம்" என்ற முத்திரை இருந்தால்தான் பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். நன்மை நன்மையாகவும் தீமை தீமையாகவும் தெரிகிற, பலவீனமானவர்களை மதிக்கிற, துணிச்சலும் மன்னிப்பும் உயிரோட்டமாக வருகிற எந்த நல்ல கதையும் பிள்ளையின் மனதைப் பண்படுத்தும். முத்திரை இருந்தும் ஒவ்வொரு பக்கத்திலும் புத்திமதி சொல்லும் கதை அதைச் செய்வதில்லை.

எழுத்தாளர் சி. எஸ். லூயிஸின் வாழ்க்கை இதற்கு நல்ல சான்று. 1916-இல் அவர் கடவுள் நம்பிக்கை இல்லாத இளைஞர். ஜார்ஜ் மெக்டொனால்ட் என்ற ஸ்காட்லாந்துப் போதகர் எழுதிய கற்பனைக் கதை ஒன்றை அப்போது வாசித்தார். அந்த வாசிப்பில் தன் கற்பனை ஞானஸ்நானம் பெற்றது என்று பிற்காலத்தில் எழுதினார். அவர் கிறிஸ்தவரானது 1931-இல். கதைக்கும் விசுவாசத்துக்கும் நடுவில் பதினைந்து ஆண்டுகள். இன்றைக்கு வாசித்துக் கொடுத்த கதை நாளைக்கே பலன் தர வேண்டும் என்று எதிர்பார்க்கும் பெற்றோர் இந்த இடைவெளியை நினைவில் வைத்துக்கொள்ளலாம். லூயிஸ் பிள்ளைகளுக்காக எழுதிய நார்னியா கதைகள் ஏழும் 1950-க்கும் 1956-க்கும் இடையில் வந்தவை. எட்டு ஒன்பது வயதிலிருந்து சேர்ந்து வாசிக்கலாம்.

ஜான் பனியனின் மோட்சப் பிரயாணம் பல வீடுகளில் இருக்கும். 1678-இல் வந்த முதல் பாகம்தான் எல்லோருக்கும் தெரியும்: கிறிஸ்தியான் பாரத்தைச் சுமந்துகொண்டு, குடும்பத்தை விட்டுவிட்டுத் தனியாக ஓடுவான். 1684-இல் வந்த இரண்டாம் பாகத்தில் அவனுடைய மனைவியும் நான்கு மகன்களும் அதே வழியில் புறப்படுகிறார்கள். நடை மெதுவாகிறது, ஓய்வெடுக்கிறார்கள், பிள்ளைகளிடம் கேள்வி கேட்டுப் பதில் கேட்கிறார்கள், வழித்துணைக்கு ஒருவர் வருகிறார். பிள்ளைகளோடு விசுவாசப் பாதையில் நடப்பவர்களுக்கு என்னைக் கேட்டால் இந்த இரண்டாம் பாகம்தான் நெருக்கமானது. சுருக்கப் பதிப்புகளில் இதை விட்டுவிடுவது உண்டு, பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று. நீங்கள் தனியாக வேதம் வாசிப்பதைப் பிள்ளைகள் எப்போதாவது பார்க்க வேண்டும். காட்டுவதற்காக அல்ல, கதவைச் சாத்தாமல் இருந்தால் போதும்.

வேலைகளுக்கு நடுவில்

17-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஒரு கார்மேல் மடத்தின் சமையலறையில் வேலை செய்த சகோதரர் லாரன்ஸ் என்ற துறவி இருந்தார், 1691-இல் இறந்தார். சமையல் வேலை அவருக்கு இயல்பாகவே பிடிக்காது. ஆனால் தேவன்மேலுள்ள அன்பினால் அதைச் செய்யப் பழகி, பாத்திரங்களின் சத்தத்துக்கு நடுவிலும் ஜெபவேளையில் இருப்பது போலவே அமைதியாக இருந்தார். துணி மடிக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் ஒரு சின்ன வசனத்தைப் பிள்ளைகளோடு சொல்லிப் பழகுங்கள். இதற்கு மேல் திட்டம் எதுவும் தேவையில்லை.

தடைகள் வரும்போது

வாழ்க்கைத்துணைக்கு விசுவாசம் இல்லை, அல்லது ஆர்வம் இல்லை என்றால் என்ன செய்வது? அப்போஸ்தலர் பவுலோடு ஊழியம் செய்த தீமோத்தேயுவின் வீட்டைப் பாருங்கள். அவருடைய தகப்பன் கிரேக்கர் என்று மட்டும் அப்போஸ்தலர் 16 சொல்கிறது. விசுவாசம் வந்தது பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள் வழியாக என்று பவுல் பெயர் சொல்லி எழுதுகிறார். ஒருவர் மட்டும் வாசிக்கும் வீட்டிலும் வேலை நடக்கிறது. துணையை வற்புறுத்தாதீர்கள், பிள்ளைகள் முன்னால் குறைகூறவும் வேண்டாம். கதை வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார அவருக்கும் எப்போதும் இடம் இருக்கட்டும்.

பதின்வயதுப் பிள்ளைகள் சலித்துக்கொண்டால் அவர்களைத் தம்பி தங்கைகளின் கதை நேரத்தில் கட்டிப்போடாதீர்கள். வாரத்தில் ஒரு நாள் தனியாக, நடந்துகொண்டோ பயணத்திலோ பேசுங்கள். பிரசங்கியின் புத்தகத்தை அவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். எல்லாம் மாயை என்று வெளிப்படையாகச் சொல்லும் ஒரு புத்தகம் வேதத்துக்குள் இருப்பது அந்த வயதில் பெரிய ஆச்சரியமாக இருக்கும்.

கைக்குழந்தை அழுதால் எழுந்து போய்த் தூக்குங்கள். வாசிப்பு காத்திருக்கும்.

பிள்ளைகள் சொன்னதையும் கேட்டதையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவையுங்கள், இரண்டு வரி போதும். மரியாள் எல்லாவற்றையும் தன் இருதயத்தில் வைத்துக்கொண்டாள் என்று லூக்கா ஒரே அதிகாரத்தில் இரண்டு முறை சொல்கிறார். நமக்கு ஞாபகசக்தி அந்த அளவுக்கு இல்லை, நோட்டு உதவும்.

மாற்குவை முடிக்கும்போது

கடைசி அதிகாரத்துக்கு வந்ததும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மிகப் பழைய முக்கியமான கையெழுத்துப் பிரதிகளில் மாற்கு 16-ஆம் அதிகாரம் 8-ஆம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. பல வேதாகமங்களில் அடிக்குறிப்பாக இது இருக்கும். கல்லறைக்குப் போன பெண்கள் நடுங்கித் திகைத்து ஓடினார்கள், பயந்திருந்தபடியால் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த இரவு அங்கேயே நிறுத்திவிடுங்கள். "அவங்க யார்கிட்டயும் சொல்லலைன்னா நமக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். நீங்கள் பதில் சொல்லாமல் இருந்தால் அது காலை வரை அந்தக் கேள்வியோடே இருக்கும். மறுநாள் மீதி வசனங்களை வாசியுங்கள், கூடவே லூக்கா 24-ஐயும். அப்புறம் லூக்காவை முதலிலிருந்து தொடங்குங்கள். அதன் முதல் அதிகாரம் 80 வசனங்கள் நீளம், நான்கைந்து இரவுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.